ஆர்எக்ஸ் 400எச்: காகிதத்துல 12, கையில 9. பேட்டரியா, நானா?

#1 | வேகத்தடை

எல்லாருக்கும் வணக்கம். நாலு மாசம் முன்னாடி 2007 மாடல் லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுற வண்டி) ஒண்ணு கைமாத்தி வாங்கினேன். 1,86,000 கி.மீ. ஓடினது, எனக்கு முன்னாடி ரெண்டு பேர் கையில இருந்திருக்கு. வண்டி மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சத்தம் கிடையாது, சீட்டு கிழியல. அழுத்தி மிதிச்சா 3.3 லிட்டர் வி6-ஓட முன்னாடி ஒரு மோட்டார், பின்னாடி ஒரு மோட்டார்னு சேர்ந்து தள்ளும்போது இவ்வளவு வயசான வண்டின்னே தோணாது.

வயித்தெரிச்சல் பெட்ரோல்லதான். கம்பெனி காகிதத்துல 100 கி.மீ.க்கு 8.1 லிட்டர்னு இருக்கு, அதாவது லிட்டருக்கு 12.3. எனக்கு 9-ஐத் தாண்டவே மூச்சு முட்டுது. பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். ஸ்கேனரைச் சொருகிக்கூடப் பாக்கல. "ஹைப்ரிட் பேட்டரி போயிருச்சு, மொத்தமா மாத்திருங்க"ன்னுட்டாங்க. அவங்க சொன்ன தொகைக்கு இன்னொரு சின்ன காரே வாங்கிடலாம்.

கேள்வி ரெண்டு. இந்த வண்டிக்கு நிஜ ரோட்டுல எவ்வளவு கிடைச்சா சரி? மைலேஜ் குறைஞ்சா பேட்டரிதான் காரணம்னு எடுத்துக்கலாமா?

#2 | கணக்குப்பிள்ளை

முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த 9 எங்கிருந்து வந்தது? டேஷ்போர்டு காட்டியதா, நீங்கள் டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டதா? எத்தனை நிரப்பல்? ஒரே பங்கில் ஒரே இடத்தில் நிறுத்தி, முதல் "டக்" சத்தத்தோடு நிறுத்தினீர்களா? இதற்குப் பதில் இல்லாமல் மேலே பேசுவது வீண்.

#3 | ரெண்டாம்கியர்

ரெண்டு டன் வண்டியில வி6 இன்ஜினை வச்சுட்டு, மேல 'ஹைப்ரிட்'னு ஸ்டிக்கர் ஒட்டினா மைலேஜ் வந்துருமா ப்ரோ? அந்தக் காசுக்கு ஒரு டீசல் எடுத்திருந்தா 14 கொடுத்திருக்கும். இழையை மூடிடலாம் 😄

#4 | பழைய_இரும்பு

ரெண்டாம்கியர் தம்பி, டீசல்காரங்க டிபிஎஃப் (புகை வடிகட்டி) அடைச்சுக்கிட்டு அழுற இழை பக்கத்துலயே ஓடுது, அங்க போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.

வேகத்தடை தம்பி, பேட்டரியை இப்ப தொடாதீங்க. அது நிஜமாவே போயிருந்தா வண்டி சும்மா இருக்காது. முக்கோண விளக்கு எரியும், ஸ்கேனர்ல பி0ஏ80-னு பேட்டரிக் கோளாறு எண் வரும், இழுவை குறையும், திரையில பேட்டரி சார்ஜைக் காட்டுற கட்டை நிமிஷத்துல மேல ஏறி நிமிஷத்துல கீழ இறங்கும். இது ஏதாவது இருக்கா?

#5 | வேகத்தடை

> எத்தனை நிரப்பல்?

நாலு நிரப்பலும் ஒரே பங்க். பில்லெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்.

431 கி.மீ., 48.2 லிட்டர்
489 கி.மீ., 51.6 லிட்டர்
412 கி.மீ., 46.9 லிட்டர்
531 கி.மீ., 53.1 லிட்டர் (இதுல பாதி நெடுஞ்சாலை)

மொத்தம் 1,863 கி.மீ., 199.8 லிட்டர். லிட்டருக்கு 9.3. டேஷ்போர்டைக் கேட்டா 10.1ங்குது.

பழைய_இரும்பு அண்ணே, விளக்கு எதுவும் எரியல. கட்டையும் நிதானமாத்தான் ஏறி இறங்குது.

ஓட்டம் எப்படின்னா, காலைல 4 கி.மீ. போய்ப் பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு வீட்டுக்குத் திரும்புவேன். ஒரு மணி நேரம் கழிச்சு ஆபீஸ் 5 கி.மீ. சாயங்காலம் அதே. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை நெடுஞ்சாலை, 110-120.

#6 | கணக்குப்பிள்ளை

இப்போது பேசலாம். டேஷ்போர்டு உங்களை எட்டு சதவீதம் ஏமாற்றுகிறது. பெரும்பாலான வண்டிகளின் டேஷ்போர்டு இந்தப் பக்கமாகத்தான் பொய் சொல்லும். எதிர்ப்பக்கம் சொன்னதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

8.1 என்ற எண் எப்படி வந்தது என்று பாருங்கள். என்.இ.டி.சி. என்ற பழைய ஐரோப்பிய சோதனை. ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி 1,180 நொடி ஓட்டுவார்கள். மொத்தம் 11 கி.மீ. சராசரி வேகம் மணிக்கு 34 கி.மீ.யைக்கூடத் தொடாது. 120-ஐத் தொடுவது சில நொடிகள் மட்டுமே. ஏசி அணைத்திருக்கும். அறை வெப்பம் 20-லிருந்து 30 டிகிரிக்குள். வேகம் கூட்டுவதெல்லாம் மாட்டு வண்டி கிளம்புவது போல. மெதுவாகக் கிளம்பி, அடிக்கடி நின்று, நிற்கும்போது இன்ஜினை அணைத்துக்கொள்ளும் ஹைப்ரிடுக்கு இதைவிடத் தோதான தேர்வுத்தாள் கிடையாது. 2017-லிருந்து டபிள்யு.எல்.டி.பி. என்ற புதிய சோதனை வந்து இதை ஓரங்கட்டியது. உங்கள் வண்டியோ பழைய தாளில் தேறியது.

அமெரிக்கக் கணக்கும் இதே கதைதான். 2006 ஹைலேண்டர் ஹைப்ரிடில் இதே 3.3 லிட்டர் இன்ஜின்தான். இரு சக்கர இழுவை வண்டிக்கு முதலில் நகரத்தில் கேலனுக்கு 33 மைல், நெடுஞ்சாலையில் 28 என்று போட்டார்கள். 2008 மாடலிலிருந்து அதிக வேகம், ஏசி, குளிர் எல்லாவற்றையும் சேர்த்து இ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) சோதனையை மாற்றியது. அதே இன்ஜினோடு வந்த 2008 ஹைலேண்டர் ஹைப்ரிட், நான்கு சக்கர இழுவை, 27-க்கும் 25-க்கும் இறங்கியது. லிட்டருக்கு 11.5, 10.6. நீங்கள் கண் வைக்க வேண்டியது 12.3 மேல் இல்லை, இந்த 11 மேல்.

ஆக உங்கள் 9.3-க்கும் நியாயமான 11-க்கும் நடுவில் ஏதோ ஒழுகுகிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

#7 | மழைத்தூறல்

நான் 2010 ஆர்எக்ஸ் 450எச் வச்சிருக்கேன். எனக்கு வருஷம் முழுக்கச் சராசரி 11.8 வருது. காகிதத்துல 6.3 லிட்டர், அதாவது 15.9! இடைவெளி உங்களைவிட எனக்குத்தான் அதிகம், ஆனா நான் அழுறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.

ரெண்டும் ஒரே குடும்பம்னாலும் இன்ஜின் வேற. உங்களோடது சாதாரண பெட்ரோல் இன்ஜினோட முறை. என்னுது 3.5 லிட்டர், ஆனா அட்கின்சன் முறை. உள்ளே இழுத்ததுல கொஞ்சத்தை வால்வைத் தாமதமா மூடி வெளியே தள்ளிடும். அமுக்கறது கொஞ்சம், விரியறது நிறைய. இழுவை குறையும், குறைஞ்சதை மோட்டார் ஈடுகட்டும். இன்னொண்ணு, புகைக்குழாய்ச் சூட்டையே எடுத்து கூலன்ட்டை (இன்ஜினைச் சுத்தி ஓடுற குளிர்விப்புத் தண்ணியை) சீக்கிரம் சூடாக்குற அமைப்பு இதுல உண்டு. குளிர் காலைல அதோட அருமை தெரியும். உங்க வண்டியில அது கிடையாது. அதனால 4 கி.மீ. ஓட்டம் உங்களை என்னைவிட அதிகமா அடிக்கும்.

#8 | மித_வேகம்

நண்பரே, ஓட்டுற முறைதான் எல்லாம். நான் இதே 400எச்-ஐ நகரத்துக்குள்ள 13 வரைக்கும் கொண்டுபோயிருக்கேன். ரகசியம் ஒண்ணுதான்: இன்ஜினை எழுப்பவே கூடாது. பூப்போல மிதிச்சு மின்சாரத்துலயே நகர்த்தணும். சிக்னல்ல நியூட்ரல்ல போட்டுடணும். இறக்கத்துல 'பி' கியர். பேட்டரியிலயே எவ்வளவு தூரம் போக முடியுமோ போங்க, அது இலவசம்.

#9 | பழைய_இரும்பு

நியூட்ரல் மட்டும் வேண்டாம் தம்பி. நியூட்ரல்ல ஜெனரேட்டர் சார்ஜ் ஏத்தாது. ஏசியும் மத்ததும் பேட்டரியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நீளமான டிராஃபிக்ல நியூட்ரல்ல நின்னா கட்டை கீழ வந்துரும்.

'பி' கியரும் மைலேஜுக்கு இல்ல. அது மலை இறங்கும்போது இன்ஜினைச் சும்மா சுத்த வச்சு வேகத்தைப் பிடிக்கிறதுக்கு. இன்ஜின் சுத்தி வீணாக்குற அளவுக்கு பேட்டரிக்குப் போறது குறையும். சாதா ரோட்டுல 'டி'யில வச்சு பிரேக்கை முன்கூட்டியே மெதுவா மிதிங்க, அது போதும்.

#10 | கணக்குப்பிள்ளை

> பேட்டரியிலயே எவ்வளவு தூரம் போக முடியுமோ போங்க, அது இலவசம்.

இலவசமா! இந்த வண்டியைச் சார்ஜரில் சொருக முடியாது. பேட்டரியில் இருக்கும் ஒவ்வொரு சொட்டும் ஏதோ ஒரு நேரத்தில் பெட்ரோலாக இருந்ததுதான்.

கணக்கைப் பாருங்கள். பேட்டரி 288 வோல்ட், 6.5 ஆம்பியர் மணி. பெருக்கினால் 1.9 கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைவு. அதை அடிமட்டம் வரை காலி செய்ய வண்டி விடாது, நிறையவும் நிரப்பாது. 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளும், வழக்கமாக 60-ஐச் சுற்றியே. கைக்கு வருவது 0.75 கிலோவாட் மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 8.9 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கை வேலையாக்கினால் 3. ஆக உங்கள் பேட்டரி முழுவதும் கால் லிட்டர் பெட்ரோல். அவ்வளவுதான். அது கிடங்கு இல்லை, கல்லாப்பெட்டியில் கிடக்கும் சில்லறை. கொடுக்கல் வாங்கலுக்கு வசதி, அதை வைத்து வீடு கட்ட முடியாது.

இன்ஜினில் எரித்து, ஜெனரேட்டரில் மின்சாரமாக்கி, பேட்டரியில் போட்டு, திரும்ப எடுத்து, மோட்டாரில் சுற்ற வைத்தால் நான்கு கை மாறுகிறது. கைக்கு 90 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் கடைசியில் மிஞ்சுவது 65-66. நீங்கள் பூப்போல மிதித்து பேட்டரியைக் காலி செய்தால், பிறகு இன்ஜின் அதையே நிரப்ப இந்தக் கமிஷனைக் கட்டிக்கொண்டு ஓடும்.

இலவசம் என்று ஒன்று இருந்தால் அது பிரேக்கில் திரும்புவது மட்டும். ஆளோடு சேர்த்து 2,100 கிலோ வண்டி 50 கி.மீ. வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் 0.056 கிலோவாட் மணி. அதில் பாதி திரும்புகிறது என்று வைத்தாலும் நூறு தடவை நின்றால் 2.8. ஏறக்குறைய ஒரு லிட்டர். நெரிசலான ஊருக்குள் 100 கி.மீ.க்கு நூறு நிறுத்தம் சாதாரணம். இதுதான் ஹைப்ரிட் உங்களுக்குத் தரும் உண்மையான பரிசு. அதோடு நிற்கும்போது ஒரு வி6 சும்மா உறுமி எரிக்காமல் இருப்பது.

#11 | மித_வேகம்

கணக்கு பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு சார். ஆனா என் 13 நான் அளந்தது.

#12 | கணக்குப்பிள்ளை

டேஷ்போர்டிலா, பங்கிலா?

#13 | மித_வேகம்

...டேஷ்போர்டுல.

#14 | ரெண்டாம்கியர்

😄😄

#15 | எஸ்கேப்காரன்

நான் வேற கட்சி. 2008 ஃபோர்டு எஸ்கேப் ஹைப்ரிட். நாலு சிலிண்டர், 2.3 லிட்டர் அட்கின்சன். மைலேஜ் மட்டும்தான் கேள்வின்னா இந்தக் கூட்டத்துல நான் ஜெயிப்பேன், 12-க்குக் கீழ வர்றது அபூர்வம். ஆனா மழைத்தூறல் மேடம் மாதிரி சொகுசா உட்கார முடியாது, ஏத்தத்துல கத்தும்.

ஒண்ணு சொல்லணும். என் வண்டியில ஏசி கம்ப்ரசர் பெல்ட்டுல ஓடுது. சிக்னல்ல ஏசி முழுசா வேணும்னா இன்ஜின் ஓடியே ஆகணும். வெயில் காலத்துல என் மைலேஜ் விழறதே அதனாலதான். வேகத்தடையோட வண்டியில கம்ப்ரசர் மின்சாரத்துல ஓடுறது, அதுக்கு இன்ஜின் தேவையில்ல. அதனால அவர் ஏசியைக் குத்தம் சொல்ல வேண்டாம். இன்ஜின் ஏன் அணைய மாட்டேங்குதுன்னு பாக்கச் சொல்லுங்க. சிக்னல்ல நிக்கும்போது இன்ஜின் அணையுதா இல்லையா?

#16 | வேகத்தடை

எஸ்கேப்காரரே, நல்ல கேள்வி. காலைல ஸ்கூல் போற வழி முழுக்க ஒரு தடவைகூட அணையல. சாயங்காலம் சில தடவை அணையுது, கொஞ்ச நேரத்துல திரும்ப ஓட ஆரம்பிச்சுடுது. ஹைப்ரிட்னா இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்.

திரையில 5 நிமிஷத்துக்கு ஒரு கட்டம் வருமே, அதுல காலைல முதல் கட்டம் லிட்டருக்கு 5-தான்.

#17 | பழைய_இரும்பு

இங்க இருக்கு விஷயம். தம்பி, ஓபிடியில (ஸ்கேனர் மாட்டுற சொருகியில) சொருகுற ப்ளூடூத் டாங்கிள் ஒண்ணு வாங்கிட்டு, போன்ல ஏதாவது ஒரு செயலியைப் போடுங்க. மூணு விஷயம் பாக்கணும்.

ஒண்ணு, கூலன்ட் வெப்பம். நெடுஞ்சாலையில அரை மணி ஓடின பிறகு எவ்வளவு? இதுல தெர்மோஸ்டாட், அதாவது கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு, 82 டிகிரியை ஒட்டித்தான் திறக்கணும். அது திறந்தபடியே மாட்டிக்கிட்டா இன்ஜின் எப்பவும் பச்சத்தண்ணியிலயே ஓடும். சாதா வண்டியில இதை யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க, ஹீட்டர் சுமாரா வரும், அவ்வளவுதான். ஆனா ஹைப்ரிட்ல கம்ப்யூட்டர் குளிர்ந்த இன்ஜினை அணைக்க விடாது. அது ஓடிக்கிட்டே இருக்கும், நீங்க பேட்டரியைத் திட்டிக்கிட்டே இருப்பீங்க.

ரெண்டு, பேட்டரி தொகுதிகளோட வோல்ட்டேஜ். அழுத்தி மிதிக்கும்போது எல்லாம் சேர்ந்தே இறங்கணும், சேர்ந்தே ஏறணும். ஒண்ணு மட்டும் தனியா விழுந்தா அதுதான் சொத்தைப் பல்.

மூணு, சேமிச்சு வச்சிருக்கிற கோளாறு எண்கள், விளக்கு எரியாம காத்துக்கிட்டு இருக்கிறதையும் சேர்த்து.

அப்புறம் நாலு டயரையும் சைஸ் தெரியிற மாதிரி போட்டோ எடுத்துப் போடுங்க. 20 நிமிஷம் பிரேக் அதிகம் தொடாம ஓட்டிட்டு இறங்கி, வீல் நாலையும் கிட்டக் கை வச்சுப் பாருங்க. ஏதாவது ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா சொல்லுங்க.

#18 | மட்டுறுத்துநர்

டீசல் - ஹைப்ரிட் சண்டை 6 பதிவுகளை வேற இழைக்கு மாத்தியாச்சு. ரெண்டாம்கியர், இது ரெண்டாவது எச்சரிக்கை.

#19 | வேகத்தடை

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நிறைய இருக்கு.

கூலன்ட்: நெடுஞ்சாலையில 40 நிமிஷம் ஓடியும் 63-லேந்து 68. இறக்கத்துல 59-க்கு வந்துருச்சு. பி0128-னு ஒரு எண் காத்துக்கிட்டு இருந்துச்சு. தேடிப் பாத்தா, தெர்மோஸ்டாட் வேலை செய்யுற வெப்பத்தை கூலன்ட் எட்டலைன்னு அர்த்தமாம். பழைய_இரும்பு அண்ணே, கால்ல விழறேன்.

பேட்டரி: மிதிக்கும்போது தொகுதிகளுக்கு நடுவுல அதிகபட்ச வித்தியாசம் 0.3 வோல்ட். எல்லாம் ஒண்ணா இறங்கி ஒண்ணா ஏறுது. "மொத்தமா மாத்திருங்க"ன்னவங்களை நினைச்சு ரெண்டு நாள் தூக்கம் வரல.

வீல்: பின் இடதுல கை வைக்க முடியல. வெப்பமானி கடன் வாங்கி அளந்தேன், மத்த மூணும் 38-லேந்து 42, இது 79.

டயர்: 235/60 ஆர்18. காத்து நாலுலயும் 26, 27 பிஎஸ்ஐ. கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற அளவு அதைவிட நல்லாவே அதிகம். மாசா மாசம் பாக்காதது என் தப்புதான்.

பின் சீட்டுக்குக் கீழ பேட்டரிக்குக் காத்து இழுக்கிற துளையையும் டார்ச் அடிச்சுப் பாத்தேன். நாய் முடி, ஒரு குழந்தை சாக்ஸ், க்ரேயான் பென்சில் ரெண்டு. எனக்கு நாயும் இல்ல.

#20 | கணக்குப்பிள்ளை

டயரில் கண்ணை நிறுத்துங்கள்! இந்த 400எச்-க்கு 18 அங்குல வீல் என்றால் 235/55 ஆர்18. உங்களிடம் இருப்பது 235/60. அது அடுத்த தலைமுறை ஆர்எக்ஸுக்கு வருகிற அளவு. "ஆர்எக்ஸ் டயர் கொடுங்கள்" என்று யாரோ கேட்டு, யாரோ புதிய வண்டிக்கானதை மாட்டியிருக்கிறார்கள்.

விட்டத்தைப் பாருங்கள். 55 என்றால் 716 மில்லிமீட்டர். 60 என்றால் 739. மூன்று சதவீதத்துக்கு மேல் பெரிது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். ஓடோமீட்டருக்கு அது தெரியாது, சுற்றை மட்டும்தான் எண்ணும். ஆக நீங்கள் 103 கி.மீ. போனால் அது 100 என்று எழுதுகிறது. உங்கள் 9.3 உண்மையில் 9.6!

ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும், அபராதச் சீட்டு வரும்போது டயரை நினைத்துக்கொள்ளுங்கள்.

#21 | மழைத்தூறல்

ஐயோ, இவ்வளவு நாள் மைலேஜ்ல கொஞ்சத்தை டயரே முழுங்கிட்டிருந்திருக்கு 😀

பின் பிரேக் பத்தி ஒரு வார்த்தை. என் வண்டியிலயும் அதே சீன் நடந்துச்சு. ஹைப்ரிட்ல மெதுவா பிரேக் பிடிக்கும்போது பெரும்பாலும் மோட்டார்தான் இழுத்து நிறுத்துது, பேட் டிஸ்க்கைத் தொடறது கொஞ்சம்தான். பேட் பல வருஷம் தேயாது. "அட, பிரேக் செலவே இல்லையே"ன்னு சந்தோஷப்பட்டு யாரும் கழட்டிப் பாக்கவே மாட்டாங்க. உள்ளே பேடை டிஸ்க் மேல அழுத்துற காலிப்பரோட பின் காஞ்சு துரு ஏறி இறுகிடும். பேட் தேயலைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டி, துடைச்சு, கிரீஸ் வச்சுடுங்க.

#22 | எஸ்கேப்காரன்

மேடம் சொல்றது நூத்துக்கு நூறு. பேட் பாதிகூடத் தேயாத நிலையில ரெண்டு காலிப்பர் மாத்தினவன் நான்.

#23 | வேகத்தடை

செஞ்சது: தெர்மோஸ்டாட் புதுசு, கூலன்ட் புதுசு. காலிப்பர் பின் ரெண்டும் எடுத்துச் சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சாச்சு. காத்து ஸ்டிக்கர்ல இருக்கிற அளவு. துளை சுத்தம், சாக்ஸை நினைவுச்சின்னமா வச்சிருக்கேன். மொத்தச் செலவு பேட்டரிக்குக் கேட்டதுல ஐம்பதுல ஒரு பங்குகூட வரல.

டயர் நல்லா இருக்கு, அதை இப்ப மாத்தப் போறதில்ல. ஜிபிஎஸ் வச்சு 50 கி.மீ. அளந்தேன், ஓடோமீட்டர் 48.5 காட்டுச்சு. அதனால எல்லாத்தையும் 1.03-ஆல பெருக்கிக்கிறேன்.

காலைல ஸ்கூல் போகும்போது இப்ப மூணாவது சிக்னல்லயே இன்ஜின் அணையுது. மொத தடவை அணைஞ்சப்ப வண்டி நின்னு போச்சுன்னு பயந்து ஹசார்ட் போட்டுட்டேன். மூணு டேங்க் ஓடட்டும், எண்ணோட வர்றேன்.

#24 | மித_வேகம்

நண்பரே, மூணு டேங்க் வரைக்கும் பொறுக்க முடியல, உத்தேசமா சொல்லுங்க.

#25 | கணக்குப்பிள்ளை

சொல்லாதீர்கள். உத்தேசம் என்ற சொல்லால்தான் இந்த இழையே ஆரம்பித்தது.

#26 | வேகத்தடை

ஏழு வாரம் ஆச்சு.

519 கி.மீ., 50.3 லிட்டர்
502 கி.மீ., 47.7 லிட்டர்
571 கி.மீ., 52.4 லிட்டர்

ஓடோமீட்டர்ல 1,592. 1.03-ஆல பெருக்கினா 1,640. 150.4 லிட்டர். லிட்டருக்கு 10.9!

பழசையும் அதே மாதிரி திருத்தினா 9.6. ஆக 13 சதவீதத்துக்கு மேல ஏறியிருக்கு. ஓட்டுற பாதை அதேதான், பிள்ளையும் அதே ஸ்கூல்தான்.

#27 | கணக்குப்பிள்ளை

மகிழ்ச்சி. ஆனால் ஒரு குறை சொல்லியே தீர வேண்டும். நான்கு விஷயங்களை ஒரே நாளில் மாற்றிவிட்டீர்கள். எது எவ்வளவு தந்தது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நடுவில் பருவமும் மாறியிருக்கும். வெளியே பத்து டிகிரி கூடினால் இன்ஜின் சூடாகும் நேரம் குறையும், காற்றின் அடர்த்தி குறையும், டயர் மென்மையாகும். 13-ல் கொஞ்சம் வானிலைக்கும் சேர வேண்டியது.

#28 | பழைய_இரும்பு

சார், இவரு ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதுறாரு? காலிப்பர் இறுகினபடியே ரெண்டு டேங்க் ஓட்டிட்டு அப்புறம் சரி பண்ணலாம்னா டிஸ்க் வெந்து போயிருக்கும்.

என் கணிப்பு: தெர்மோஸ்டாட்டுக்குப் பாதிக்கு மேல, பிரேக்குக்குக் கால்வாசி, மிச்சம் காத்துக்கு. பேட்டரித் துளைக்கு மைலேஜ்ல ஒண்ணும் பெரிசா இருக்காது, அது பேட்டரியோட ஆயுசுக்கு. சூடுதான் அந்த நிக்கல் பேட்டரிக்கு எமன்.

#29 | கணக்குப்பிள்ளை

காலிப்பர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

#30 | மித_வேகம்

அப்ப ஓட்டுற முறைக்கு மதிப்பே இல்லையா? கணக்குப்பிள்ளை சார் கணக்குப்படி பூப்போல மிதிக்கக் கூடாது, அப்ப எப்படித்தான் மிதிக்கணும்?

#31 | பழைய_இரும்பு

இருக்கு தம்பி, நிறையவே இருக்கு. தயங்கித் தயங்கி 50-க்குப் போகாதீங்க, அடிச்சு உதைச்சும் போகாதீங்க. ஒரு நிதானமான அழுத்தத்துல இன்ஜினோடயே 50-55-க்குப் போயிடுங்க. இன்ஜின் அந்தச் சுமையிலதான் நல்லா வேலை செய்யும். போன பிறகு காலை முழுசா எடுத்துட்டு, திரும்ப லேசா வைங்க. 60-க்குக் கீழ இன்ஜின் சூடா இருந்தா அணைஞ்சுடும். சமதளத்துல அந்த வேகத்தைத் தக்க வைக்க மின்சாரம் கொஞ்சம்தான் வேணும். முன்னாடி சிகப்பு தெரிஞ்சா உடனே கால் எடுங்க. கடைசி நொடியில ஓங்கி மிதிச்சா மோட்டாரால அவ்வளவையும் வாங்க முடியாது, மிச்சத்தை பேடும் டிஸ்க்கும் சூடாக்கி வீணாக்கும்.

நெடுஞ்சாலையில மந்திரம் கிடையாது. அங்க இது வெறும் கனமான பெட்ரோல் வண்டி. 90-ல காத்து எதிர்க்கிற விசையைவிட 120-ல முக்கால் மடங்கு அதிகம். 120-ல போறவரு வந்து ஹைப்ரிட் ஏமாத்துன்னா நான் என்ன சொல்ல?

#32 | ரெண்டாம்கியர்

அது எனக்கா?

#33 | வேகத்தடை

எனக்குத்தான் ப்ரோ 🙏 போன ஞாயித்துக்கிழமை 95-லயே போய்ட்டு வந்தேன். பங்குல நிரப்பிப் பாத்தா, போக வர அந்த ஓட்டம் மட்டும் லிட்டருக்கு 12.1. திருத்தினது. நேரம் எவ்வளவு கூடுச்சுன்னா 22 நிமிஷம்.

இன்னொரு மாத்தமும் பண்ணியிருக்கேன். பிள்ளையை விட்டுட்டு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழிச்சுக் கிளம்புறதை நிறுத்தியாச்சு. ஸ்கூல்லேந்து அப்படியே ஆபீஸ், அங்கயே டீ குடிச்சுக்கிறேன். ஒரு நாளைக்குக் குளிர்ந்த இன்ஜின்ல கிளம்புறது ஒண்ணு குறைஞ்சுது.

#34 | மழைத்தூறல்

அது தெர்மோஸ்டாட்டைவிடப் பெரிய மாத்தமா இருக்கும், பாருங்க. எண்ணை மறக்காமப் போடுங்க.

#35 | கணக்குப்பிள்ளை

இந்த முறை ஊருக்குள் ஒரே ஒரு விஷயம்தான் மாறியிருக்கிறது. மூன்று டேங்க். டேஷ்போர்டைப் பார்க்காதீர்கள்.

#36 | வேகத்தடை

சரி சார். டேஷ்போர்டு மேல பிள்ளையோட ஸ்டிக்கர் ஒண்ணை ஒட்டிட்டேன்.